சி.ரி. படத்தில் தசையும் கொழுப்பும் அளக்கும்போது எண் பிழைத்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

புற்றுநோயின் பரவலை அறிவதற்காக எப்படியும் எடுக்கப்படும் வயிற்றுச் சி.ரி. படத்திலிருந்தே, நோயாளரின் உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அளந்துவிட முடியும். இதற்கென்று தனியாகப் படம் எடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது. திருகோணமலையில் போசணை ஆலோசனை வழங்கும் என் மேசைக்கு வரும் படங்களின் தொல்லை வேறு. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வருகிறவர்கள் முதல் படத்தை ஓரிடத்திலும் அடுத்த படத்தை மட்டக்களப்பிலோ கண்டியிலோ கொழும்பிலோ எடுத்து, இறுவட்டைக் கிளினிக் கொப்பிக்குள் செருகிக்கொண்டு வருவார்கள். ஒரே உடலை வெவ்வேறு இயந்திரங்கள் பார்த்திருக்கும். ஆகவே எண் பிழைத்தால், தசையின் விளிம்பைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்ப்பதற்கு முன் படம் எங்கிருந்து, எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதே என் வழக்கம். பெரும்பாலான பிழைகள் வரைவதற்கு முன்பே நுழைந்துவிடுகின்றன.

பொதுவான முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது நாரி முள்ளென்பின் (இடுப்புப் பகுதி முதுகெலும்பின்) மட்டத்தில் ஒரே ஒரு வெட்டுப்படத்தை எடுத்து, அதில் தெரியும் சோவாஸ் (முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் தசை), முதுகுத் தசைகள், வயிற்றுச் சுவர்த் தசைகள் அனைத்தையும் சேர்த்து அளக்கிறோம். சி.ரி. படத்தில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் காட்டும் ஹவுன்ஸ்பீல்ட் அலகில் −29 முதல் +150 வரையுள்ளது தசை. −190 முதல் −30 வரையுள்ளது தோலடிக் கொழுப்பும் தசையிடைக் கொழுப்பும். −150 முதல் −50 வரையுள்ளது உள்ளுறுப்புக் கொழுப்பு. இந்த எல்லைகளுக்குள் விழும் பிக்சல்களுக்கு மென்பொருள் நிறமேற்றிக் காட்டும். தசைப் பரப்பளவைச் சதுர சென்ரிமீற்றரில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது தசைச் சுட்டெண்.

அறிகுறி: பரப்பளவு அந்த உடலுக்குப் பொருந்தாத எண்ணாக வருகிறது

மெலிந்த ஒருவருக்கு 220 சதுர சென்ரிமீற்றர் தசை என்று திரையில் வந்தால், மகிழ்வதற்கு எதுவும் இல்லை; பிக்சலின் அளவு தொலைந்திருக்கிறது. 512 பிக்சல் அகலமுள்ள படம் 400 மில்லிமீற்றர் பார்வைப்பரப்பில் எடுக்கப்பட்டிருந்தால் ஒரு பிக்சலின் பக்கம் ஏறக்குறைய 0.78 மில்லிமீற்றர், அதன் பரப்பு 0.61 சதுர மில்லிமீற்றர். தசை என்று நிறமேறியவை 22,000 பிக்சல்கள் என்றால் உண்மையான பரப்பளவு ஏறத்தாழ 134 சதுர சென்ரிமீற்றர். மென்பொருளுக்குப் பிக்சல் அளவு தெரியாதபோது அது ஒரு பிக்சலை ஒரு மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்ளும். அப்போதுதான் 220 வருகிறது.

இறுவட்டைத் திறந்து கோப்புகளின் வகையைப் பாருங்கள். டைக்கொம் கோப்பு (இயந்திரம் தரும் மூல மருத்துவப் படக் கோப்பு) என்றால் தலைப்பகுதியில் பிக்சல் இடைவெளி எழுதப்பட்டிருக்கும். ஜேபெக் படமாகவோ, பிலிமைக் கைபேசியில் பிடித்த படமாகவோ இருந்தால் அந்தத் தகவலும் இல்லை, ஹவுன்ஸ்பீல்ட் மதிப்பும் இல்லை. திரைக்கு ஏற்ற சாம்பல் நிறம் மட்டுமே உண்டு. அதை வைத்து அளக்க முயல வேண்டாம். படத்தின் ஓரத்திலுள்ள அளவுகோலை வைத்துப் பரப்பளவை ஒருவாறு மீட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பரப்பளவு ஓரளவு மீளலாம், ஆனால் கொழுப்பையும் தசையையும் பிரிக்கும் எல்லை மீளாது. எடுத்த இடத்திலிருந்து மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே ஒரே வழி.

அறிகுறி: தசைக்கு நிறம் ஏறவில்லை, உடலுக்கு வெளியே நிறம் ஏறுகிறது

முதன்முதலில் காணும்போது அச்சமூட்டும் தோற்றம் இது: நோயாளரைச் சுற்றியுள்ள காற்றும் குடலில் உள்ள வாயுவும் தசையின் நிறத்தில் மின்ன, சோவாஸ் வெறுமையாக நிற்கும். காரணம் எளியது. பல இயந்திரங்கள் எதிர்மறை எண்களைத் தவிர்ப்பதற்காக ஹவுன்ஸ்பீல்ட் மதிப்புடன் 1024 ஐக் கூட்டிச் சேமிக்கின்றன. திரும்பக் கழிக்க வேண்டிய எண் தலைப்பகுதியில் இருக்கும். மென்பொருள் அதைக் கழிக்காவிட்டால் −1000 ஆக இருக்க வேண்டிய காற்று 24 ஆகத் தோன்றி, தசையின் எல்லைக்குள் நேராக வந்து விழுகிறது. 50 ஆக இருக்க வேண்டிய தசை 1074 ஆகி வெளியே போய்விடுகிறது.

எந்தப் புதிய இறுவட்டைத் திறந்தாலும் முதலில் மூன்று இடங்களில் சுட்டியை வைத்துப் பாருங்கள். உடலுக்கு வெளியே காற்று −1000 ஐ ஒட்டியும், பித்தப்பையோ சிறுநீர்ப்பையோ தெரிந்தால் அதன் திரவம் பூச்சியத்தை ஒட்டியும், பிட்டத்துத் தோலடிக் கொழுப்பு −100 ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு முழுப் பிற்பகலை இழந்த அனுபவம் எனக்கு உண்டு.

அறிகுறி: ஒரே படத்தை இருவர் அளந்தால் இரண்டு விடை வருகிறது

இருவரும் ஒரே வெட்டுப்படத்தைத்தான் எடுத்தார்களா என்று பாருங்கள். மேலிருந்து பன்னிரண்டாவது விலாவெலும்பைப் பிடித்து எண்ணியவரும், கீழே திரிகத்திலிருந்து (நாரி முள்ளென்புகளுக்குக் கீழுள்ள எலும்பிலிருந்து) மேல்நோக்கி எண்ணியவரும் வேறு வேறு முள்ளென்புகளில் நிற்கக்கூடும். ஐந்தாவது நாரி முள்ளென்பு திரிகத்தோடு ஒட்டிப்போனவர்களும், ஆறு நாரி முள்ளென்புகள் உள்ளவர்களும் நாம் நினைப்பதைவிட அதிகம். நான் செய்த பிழையையே சொல்கிறேன். ஒருவருடைய முதல் படத்தை மேலிருந்து எண்ணி அளந்தேன். நான்கு மாதம் கழித்து வந்த படத்தில் மார்புப் பகுதி இல்லாததால் கீழிருந்து எண்ணினேன். தசை பெருகியிருப்பதாக விடை வந்தது. உண்மையில் நான் ஒரு முள்ளென்பு கீழே இறங்கியிருந்தேன். இரண்டு படங்களின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் அருகருகே திறந்து வைத்து, முள்ளென்பின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு எலும்பு முளையைப் பொருத்திப் பார்த்தபோதுதான் பிழை பிடிபட்டது.

ஆகவே இரு முனைகளிலிருந்தும் எண்ணுங்கள். விடைகள் ஒத்துவராவிட்டால் எந்த முனையிலிருந்து எண்ணினீர்கள் என்று பதிவேட்டில் எழுதி, அந்த நோயாளரின் எல்லாப் படங்களுக்கும் அதே முறையைப் பின்பற்றுங்கள். மட்டம் சரியானபின், இரு பக்கக் குறுக்கு முளைகளும் முழுமையாகத் தெரியும் வெட்டுப்படத்தைத் தெரிவு செய்யுங்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தவர்களில் இரண்டும் ஒரே படத்தில் கிடைக்காது. அப்போது முள்ளென்புடலின் நடுப்பகுதியை எடுத்து, அதையும் எழுதி வைப்பது போதும்.

அறிகுறி: நிறம் தசையை விட்டு வழிகிறது

ஈரலின் கீழ் விளிம்பு, சிறுநீரகத்தின் கீழ் முனை, குடற்சுவர் ஆகிய மூன்றும் தசையின் எண்ணெல்லைக்குள்ளேயே இருப்பவை. எண்ணை மட்டும் நம்பி நிறமேற்றினால் வழியத்தான் செய்யும். கையால் வெட்டி விடுங்கள். குடலுக்குள் இருக்கும் மலம் சில வேளைகளில் உள்ளுறுப்புக் கொழுப்பாக நிறமேறும்; அதையும் நீக்க வேண்டும். வயிற்றில் செயற்கைத் துவாரம் வைத்தவர்களில் நேர்த்தசையின் தொடர்ச்சி அறுந்திருக்கும், அதன் வழியாகப் புகுந்த குடலைத் தசையாக எண்ணிவிடாதீர்கள்.

அறிகுறி: தசைக்குள் உப்புத் தூவியதுபோல ஓட்டைகள்

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று நோயாளருடையது, மற்றது இயந்திரத்துடையது. தசை நார்களுக்கிடையே உண்மையாகவே கொழுப்பு படிந்திருந்தால் ஓட்டைகள் கோடுகளாகவும் தீவுகளாகவும், பெரும்பாலும் முதுகுத் தசையின் பின்-உட்புற மூலையில் கூடி நிற்கும். படத்தின் இரைச்சலால் வந்தவை என்றால் ஒழுங்கில்லாமல் எங்கும் சிதறியிருக்கும்; அதே இரைச்சலை ஈரலிலும் காணலாம். ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள வெட்டுப்படமும், எலும்பைக் கூர்மையாகக் காட்டுவதற்கென்று மீள்கட்டமைத்த தொடரும் இவ்வாறு தோன்றும்.

இரைச்சல் எல்லாரையும் சமமாகப் பாதிப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஒருவரின் தசை சராசரியாக 45 அலகில் இருக்கிறது, இரைச்சலின் நியம விலகல் 25 என்று வைத்துக்கொள்வோம். −29 என்ற கீழெல்லை அவருக்கு மூன்று விலகல் தொலைவில் இருப்பதால் இழக்கப்படும் பிக்சல்கள் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான். இன்னொருவரின் தசை ஏற்கனவே நலிந்து 15 அலகில் இருந்தால், அதே இரைச்சலில் அவர் 100 க்கு ஏறக்குறைய 4 பிக்சல்களை இழப்பார். எல்லைக்குக் கீழே போனவை சராசரியில் சேராததால் அவருடைய தசையடர்த்தி (தசைப் பிக்சல்களின் சராசரி ஹவுன்ஸ்பீல்ட் எண்) உண்மையைவிடச் சற்று உயர்ந்தும் தோன்றும். எவரைத் தேடி இந்த வேலையைச் செய்கிறோமோ அவரிடத்திலேயே பிழையும் பெரிதாகிறது.

தீர்வு: அதே இறுவட்டில் மென்திசுவுக்கென மீள்கட்டமைத்த, 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள தொடர் இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் மென்பொருளில் மெல்லிய படங்கள் சிலவற்றைச் சராசரியாக்கித் தடிப்பாக்கலாம். ஓட்டைகளைக் கையால் நிரப்புவது மட்டும் கூடாது. உண்மையான கொழுப்பையும் சேர்த்து மூடிவிடுவீர்கள்.

அறிகுறி: பரப்பளவு அப்படியே இருக்க, தசையடர்த்தி மட்டும் ஏறி இறங்குகிறது

கொன்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்த படத்தையும் போடாமல் எடுத்த படத்தையும் ஒப்பிடுகிறீர்கள் என்பதே என் முதல் ஊகமாக இருக்கும். அயடீன் கலந்த குருதி தசைக்குள்ளும் ஓடுகிறது. ஊசி போட்டபின் நாளக்கட்டத்தில் (மருந்து நாளங்களை அடைந்த வேளையில்) எடுத்த படத்தில் தசையின் சராசரி, ஊசியில்லாப் படத்தைவிடச் சில அலகுகள் கூடியிருக்கும். பெருநாடி வெண்மையாக ஒளிர்கிறதா, சிறுநீரகத்தின் புறணி தனியாக ஒளிர்கிறதா என்று பார்த்தாலே எந்தக் கட்டம் என்று தெரியும். அடுத்து, குழாயின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 120 கிலோவோல்ற்றில் எடுத்த படத்துக்கும் 100 இல் எடுத்த படத்துக்கும் வேறுபாடு உண்டு: மின்னழுத்தம் குறையும்போது அயடீன் மேலும் ஒளிரும், கொழுப்பின் எண் மேலும் கீழிறங்கும்.

பரப்பளவு இந்த மாற்றங்களால் அவ்வளவாக அசைவதில்லை, அடர்த்திதான் அசையும். கட்டமும் மின்னழுத்தமும் ஒத்துவராத இரு படங்களிலிருந்து பரப்பளவை மட்டும் எழுதி, அடர்த்திக்கான இடத்தை வெறுமையாக விடுவது என் பழக்கம். திருத்தக் காரணி ஒன்றைப் பெருக்கிச் சமன்செய்யும் முயற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெற் ஸ்கானோடு குறைந்த கதிரளவில் எடுத்த சி.ரி. தொடரில் இரைச்சலும் சேர்ந்துகொள்வதால், வேறு படம் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதில்லை.

அறிகுறி: விலாப்புறம் வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது குறுக்கே கோடுகள் ஓடுகின்றன

பருத்த உடல் பார்வைப்பரப்புக்குள் அடங்காதபோது தோலடிக் கொழுப்பின் ஓரம் அறுபடும். தசை முழுமையாக இருந்தால் தசையை அளந்து, கொழுப்பை விட்டுவிடுங்கள். மூல அளவீடுகள் இயந்திரத்தில் இன்னும் அழியாமல் இருந்தால் அகன்ற பார்வைப்பரப்பில் மீள்கட்டமைத்துத் தருமாறு ரேடியோகிராபரிடம் கேட்கலாம்; சில நாட்கள் கடந்துவிட்டால் அவை இருக்காது. கைகளைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாத நோயாளரில் குறுக்கே இருண்ட கோடுகள் ஓடும். முதுகெலும்பில் உலோகம் பொருத்தியவர்களுக்கு அயல் முள்ளென்பின் மட்டத்தை எடுக்கலாம், ஆனால் அந்த எண்ணை, தசைநலிவைத் தீர்மானிக்கும் மூன்றாவது முள்ளென்பின் எல்லைக்கோடுகளோடு ஒப்பிட முடியாது.

அறிகுறி: நோயாளர் மெலிகிறார், எண் ஏறுகிறது

மிகக் கவனமாக நடக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு மீன்பிடித் தொழிலாளியின் மனைவி என்னிடம் சொன்னார்: “மிஸ், இவருக்கு நிறை கூடியிருக்கெண்டுதான் கிளினிக்கில சொன்னவங்க. ஆனா ஒரு குடத்தைக் கூட இவரால தூக்க ஏலாமக் கிடக்கு.” நிறை மூன்று கிலோகிராம் கூடியிருந்தது, படத்தில் தசைப் பரப்பளவும் கூடியிருந்தது. அவருடைய காலை அழுத்தினால் குழி விழுந்து, மெல்லத்தான் மேலெழுந்தது.

நீர் ஏறக்குறைய 0 முதல் 20 அலகுக்குள் இருப்பது. அது தசைக்குள் ஊறினால் தசை வீங்கும், வீங்கிய பரப்பு முழுவதும் −29 க்கு மேலேயே நிற்பதால் மென்பொருள் அதைத் தசை என்றே எண்ணும். தோலடிக் கொழுப்புக்குள் ஊறினால், −100 இல் இருந்த கொழுப்பு நீரோடு கலந்து −30 ஐத் தாண்டித் தசையின் எல்லைக்குள் ஏறிவிடும். வயிற்றுக்குள் சேர்ந்த நீர் வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தை ஒட்டியே நிற்பதால் அதுவும் தசையோடு சேர்ந்து நிறமேறும். மூன்று வழியாலும் எண் ஏறும், தசை ஏறாது.

படத்தில் இதைக் கண்டுபிடிக்க, முதுகுப்புறத் தோலடிக் கொழுப்பைப் பாருங்கள். நோயாளர் மல்லாந்து கிடப்பதால் நீர் அங்கே தேங்கி, கரிய கொழுப்புக்குள் சாம்பல் நிற வலைப்பின்னலாகத் தெரியும். பரப்பளவு கூடும்போது தசையடர்த்தி இறங்கியிருந்தால் சந்தேகம் வலுப்படும். அடுத்து, தசையின் புற உறையை எல்லையாகக் கொண்டு கையால் வரைந்து, அதற்கு வெளியே நிறமேறிய நீரை நீக்குங்கள். வயிற்று நீரையும் அவ்வாறே நீக்குங்கள். தசைக்குள் ஊறிய நீரை மட்டும் எந்த மென்பொருளாலும் பிழிந்தெடுக்க முடியாது. ஆகவே அந்தப் படத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் “வீக்கம் உண்டு, பரப்பளவு மிகைப்பட்டிருக்கலாம்” என்று எழுதி, கைப்பிடி வலுவையும் உண்ணும் அளவையும் சேர்த்துப் பாருங்கள். 2011 இல் வெளியான சர்வதேச இணக்க வரையறை, ஆறு மாதத்தில் 5 வீதத்துக்கு மேற்பட்ட நிறையிழப்பைப் புற்றுநோய் மெலிவின் அடையாளமாகக் கொள்கிறது. வீங்கியவரில் அந்த இழப்பு நீரால் மறைந்துபோகும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: எண் சரி, ஆனால் “தசைநலிவு” என்ற முடிவு மாறி மாறி வருகிறது

உயரத்தை யார் எழுதியது என்று பாருங்கள். ஓர் ஆண் நோயாளரின் தசைப் பரப்பளவு 122 சதுர சென்ரிமீற்றர், நிறை 66 கிலோகிராம். கொப்பியில் உயரம் 1.60 மீற்றர் என்று இருந்தது. சுவரோடு நிறுத்தி அளந்தபோது 1.66 வந்தது. முதல் உயரத்தில் தசைச் சுட்டெண் 47.7, உடற்திணிவுச் சுட்டி 25.8. இரண்டாவது உயரத்தில் 44.3, 24.0. லிசா மார்ட்டினும் உடனாய்வாளர்களும் 2013 இல் வெளியிட்ட எல்லைக்கோட்டின்படி, ஆண்களில் உடற்திணிவுச் சுட்டி 25 க்குக் கீழே இருந்தால் 43 க்குக் குறைந்ததும், 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் 53 க்குக் குறைந்ததும் தசைநலிவு. எனவே சுட்டெண் கூடுதலாக இருந்த முதற்கணக்கில் அவர் நலிந்தவர். சுட்டெண் குறைந்த இரண்டாவது கணக்கில் நலியாதவர். ஆறு சென்ரிமீற்றர் உயரம் செய்த வேலை இது. செருப்பைக் கழற்றி ஒரு தடவை அளந்தால் முடியும்.

எல்லைக்கோடுகளும் பல. கார்லா பிராடோவும் உடனாய்வாளர்களும் 2008 இல் தந்த 52.4, 38.5 என்பவை முறையே ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியவை. உடற்பருமன் உள்ள புற்றுநோயாளரிடமிருந்து, கனடாவில் பெறப்பட்டவை. மார்ட்டினின் ஆய்வும் கனடாவினதே. அதில் பெண்களுக்கு எல்லை 41. இவற்றை இங்குள்ள சிறிய உடலமைப்புடைய மூதாட்டிகளுக்குப் பொருத்தினால் கிளினிக்கில் பாதிப்பேருக்கு நோய் இருப்பதாக முடிவு வந்தால் வியப்பதற்கில்லை. ஆசியத் தசைநலிவு குழு 2019 இல் தந்த 7.0, 5.4 என்ற எண்களை எடுத்துப் பொருத்துபவர்களையும் பார்த்திருக்கிறேன். அவை கை கால்களின் தசையை டெக்ஸா என்னும் எக்ஸ்கதிர்க் கருவியால் கிலோகிராமில் அளந்து, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தவர்களுக்கானவை, வயிற்றின் வெட்டுப்படத்துக்கு உரியவையல்ல. எந்த எல்லைக்கோடு, எந்த ஆண்டினது என்று முடிவோடு சேர்த்தே எழுதுங்கள். ஒரு நோயாளரைத் தொடர்ந்து பார்க்கும்போது எல்லைக்கோட்டைவிட அவருடைய முந்தைய எண்ணே பயனுள்ள ஒப்பீடு என்பது என் கருத்து.

அறிகுறி: தானியங்கி மென்பொருள் தந்த எண் நன்றாக இருக்கிறது, படம் நன்றாக இல்லை

டோட்டல்செக்மென்டேட்டர் போன்றவை முள்ளென்பைத் தாமே கண்டுபிடித்துத் தருகின்றன, வேலை எளிதாகியிருக்கிறது. ஆனால் எண்ணை மட்டும் அட்டவணையில் வாங்கிக்கொள்ளாதீர்கள். நிறமேற்றிய படத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஆறு நாரி முள்ளென்பு உள்ளவரிலும், வயிற்று நீர் உள்ளவரிலும், பக்கவாட்டில் திரும்பிப் படுத்தவரிலும் அது தடுமாறக்கூடும், தடுமாறியதைச் சொல்லவும் மாட்டாது.

அறிகுறி: இரண்டு படங்களுக்கிடையே சிறிய வேறுபாடு, அது உண்மையா என்று தெரியவில்லை

உங்கள் கையின் பிழையை முதலில் அளந்துகொள்ளுங்கள். பழைய படங்கள் பத்தை எடுத்து, பெயரை மறைத்து, ஒரு வாரம் இடைவிட்டு இரண்டு தடவை அளந்து, வேறுபாட்டை வீதத்தில் எழுதுங்கள். எனக்கு அது பெரும்பாலும் 2 வீதத்துக்குள் நிற்கிறது. மட்டம் ஒரு வெட்டுப்படம் மாறினால் அதற்கு மேலும் போகிறது. மேலே சொன்ன 122 சதுர சென்ரிமீற்றர்காரர் மூன்று மாதத்தின் பின் மீண்டும் வந்தார். அதே நிலையத்தில், அதே கட்டத்தில், அதே தடிப்பில் எடுத்த படம். 120 வந்தது. வைத்தியர் “குறைந்திருக்கிறதா?” என்று கேட்டார். கொப்பியில் “மாற்றம் இல்லை” என்று எழுதி, இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தேன்.